எங்கள் முகவரியில் இரண்டு வண்டிகள்

என் வீட்டுக்காரரின் பெயரை ஒருவர் ஃபோனில் எனக்கே படித்துக் காட்டி, செத்தவர்கள் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார். அது யாருடைய பெயர் என்று அவருக்குத் தெரியாது. என் கையில் பேனா இருந்தது. பாதி எழுதியும் விட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் நடந்தது இது. அப்போது புதுச்சேரியில் ஒரு அலுவலகத்தில் போக்குவரத்துப் புள்ளிவிவரம் திரட்டுவது என் வேலை. மாதா மாதம் எத்தனை வண்டி புதிதாகப் பதிவானது, பங்க்குகளில் எவ்வளவு பெட்ரோல், டீசல் விற்றது, ரோட்டில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று வாங்கித் தொகுத்து டெல்லிக்கு அனுப்ப வேண்டும். அங்கே எல்லா மாநிலத்துக் கணக்கையும் சேர்த்துத் தடியாக ஒரு புத்தகம் போடுவார்கள். அதில் எங்கள் ஊருக்கு ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக வருடம் முழுக்க மல்லுக்கட்டுவேன்.

ஏன் மல்லுக்கட்டு என்றால், எங்கள் ஊர்க் கணக்கில் எங்கள் ஊர் பாதிதான் இருக்கும். பெட்ரோல் இங்கே விலை குறைவு. விழுப்புரத்துக்காரர், கடலூர்க்காரர், கடற்கரை பார்க்க வரும் சென்னைக்காரர் எல்லாரும் டேங்க் வழிய ஊற்றிக்கொண்டு போவார்கள். இத்தனூண்டு ஊரில் ஆளுக்கு இவ்வளவு பெட்ரோலா என்று டெல்லியிலிருந்து கேள்வி வரும். குடிக்கிறீர்களா என்று கேட்காததுதான் பாக்கி. விற்ற பெட்ரோலை வைத்துத்தான் புகைக்கும் கணக்குப் போடுவார்கள். திண்டிவனத்தைத் தாண்டி எவனோ விட்டுக்கொண்டு போகிற புகையெல்லாம் எங்கள் தலையில் விடியும். நானும் வருடா வருடம் அதே விளக்கத்தை எழுதி அனுப்புவேன். அவர்களும் வருடா வருடம் அதே கேள்வியைக் கேட்பார்கள்.

வண்டிக் கணக்கும் அப்படித்தான். சாலை வரி குறைவு என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் இங்கே தெரிந்தவர்களின் பெயரில், தெரிந்தவர்களின் முகவரியில் வண்டியைப் பதிவு செய்வார்கள். அதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. கல்யாணத்துக்குப் போகிறவளுக்குக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பதில்லையா, அந்த மாதிரி முகவரியை இரவல் கொடுப்பார்கள்.

சாவு ஒன்றுதான் எல்லை பார்க்கும். எங்கள் ஊர் எல்லை கோணல் மாணல். ஒரே ரோட்டில் போனாலும் கொஞ்ச தூரம் புதுச்சேரி, கொஞ்ச தூரம் தமிழ்நாடு, திரும்பவும் புதுச்சேரி. விபத்து எந்த மண்ணில் நடந்ததோ அந்த மாநிலத்துக் கணக்கில் சேரும். என் மேலதிகாரி ஒருவர் இருந்தார். சார் என்றுதான் கூப்பிடுவேன். மாதக் கடைசியில் கூட்டல் போடும்போதெல்லாம், "இன்னும் பத்தடி தள்ளி வுழுந்திருந்தா அவங்க கணக்கும்மா" என்பார். கெட்ட மனிதர் இல்லை. செத்தவர்களை எண்ணுவதே பிழைப்பாகிவிட்டால் சிரிக்க ஏதாவது வேண்டியிருக்கிறது. நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

என் மாமனார் மில் தொழிலாளி. மில் படுத்த பிறகு என் வீட்டுக்காரர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனார். பிரஸ் மெஷினில் வேலை. சேர்ந்த புதிதில் அந்த மெஷின் அவருடைய இடது ஆள்காட்டி விரலின் நுனியை எடுத்துக்கொண்டது. அவருக்குப் பக்கத்து மெஷினில் நின்றவன் வானூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. விவசாயக் குடும்பம். எங்களைவிடச் சின்னவன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை. நான் தம்பி என்பேன், அவன் அண்ணி என்பான். மல்லாட்டை பறிக்கிற காலத்தில் ஒரு பை நிறைய வேகவைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். வெளியூர்க்காரர்கள் நிலக்கடலை என்று சொல்வது எங்களுக்கு மல்லாட்டை.

அவன் வண்டி வாங்கப் போனபோது, "அண்ணன் பேர்லயே எடுத்துக்கறேன் அண்ணி, வரி கம்மியாவும்" என்று வந்து நின்றான். வண்டிக் கணக்கோடு தினமும் மாரடிப்பவள் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் போன பிறகு வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"வேலியில போற ஓணான எடுத்து வேட்டியில வுட்டுக்கப் போறீங்களா?"

"ஓட்டப் போறவன் அவன். பேரு மட்டுந்தான் என்னுது. குடுத்தா தேஞ்சா பூடும்?" என்றார்.

இப்படி எங்கள் முகவரியில், என் வீட்டுக்காரர் பெயரில் இரண்டு வண்டிகள் ஆயின. ஒன்று அவர் ஓட்டுவது, ஒன்று தம்பி ஓட்டுவது. இரண்டும் ஒரே மாதிரி, ஒரே கறுப்பு. நம்பர்தான் வேறு.

ஒரு முறை தம்பியின் வண்டியில் செயின் தேய்ந்து கடகடவென்று சத்தம் வந்தது. டவுனில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் இருந்ததால் வீட்டுக்காரர் தன் வண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவனுடையதை ஓட்டிக்கொண்டு வந்தார். புதுச் செயின் போட்டாயிற்று. அடுத்த நாள் சாயங்காலம் நைட் ஷிப்டுக்கு அந்த வண்டியில்தான் கிளம்பினார். "கம்பெனில வண்டிய மாத்திக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். தெரு முனையில் அவர் திரும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே வந்தேன்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்வரை அவர் வரவில்லை. பகல் ஷிப்ட் ஆள் வராவிட்டால் ஓ.டி. பார்க்க நிறுத்திக்கொள்வார்கள், அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். செல்ஃபோன் எங்களைப் போன்றவர்கள் கைக்கு அப்போது வரவில்லை. வீட்டைப் பூட்டி எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன்.

அன்று மாதக் கடைசி. ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் விபத்துக் கணக்கு வர வேண்டும். தபாலுக்குக் காத்திருந்தால் ஆகாது என்று ஃபோனிலேயே வாங்கிக்கொள்வேன். டெல்லிக்குப் பெயரெல்லாம் போகாது, வெறும் எண்தான். எல்லைத் தகராறில் ஒரே சாவை இரண்டு பக்கமும் எண்ணிவிடக் கூடாதே என்று நான் மட்டும் ஒரு தாளில் பெயரைக் குறித்துக்கொள்வேன். பதினோரு மணி வாக்கில் ஒரு ஸ்டேஷனின் ரைட்டர் கூப்பிட்டார். கேஸ் எழுதுகிற ஏட்டு அவர், குரல் எனக்குப் பழக்கம். மாதக் கணக்கு முழுக்கச் சொல்லி முடித்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா. இன்னிக்குக் காலையில ஆனது. அடுத்த மாசத்துல போட்டுக்கறியா?"

"இன்னிக்கு ஆனது இந்த மாசந்தான் சார். சொல்லுங்க."

"ஆண். முப்பது இருக்கும். டூ வீலர். சேதராப்பட்டு ரோட்டுல, மெயின் ரோட்டுல வந்து சேர்றதுக்கு முன்னாடி. பின்னால வந்த லாரி தட்டிட்டுது. ஹெல்மெட் இல்ல. அங்கயே போயிட்டான்."

சேதராப்பட்டு என்றதும் வீட்டுக்காரர் நினைப்பு வந்தது. ஆயிரம் பேர் போகிற ரோடு, சும்மா இரு என்று எனக்கே சொல்லிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன். உள்ளூர் வண்டியா, வெளியூர் வண்டியா? டெல்லிக்கு விளக்கம் எழுத உதவும் என்று நானாகச் சேர்த்த கேள்வி அது. ஸ்டேஷன்காரர்கள் எல்லாரும் அதற்காக என்னைச் சபிப்பார்கள்.

"நம்ம வண்டிதான். நம்பரச் சொல்லி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பேரு அட்ரஸ் கேட்டு வாங்கிட்டேன். எழுதிக்க" என்று படித்தார்.

என் வீட்டுக்காரர் பெயர். அவர் அப்பா பெயர். எங்கள் கதவு எண். முதலியார்பேட்டையில் எங்கள் தெரு.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"நம்பர் சொல்லுங்க சார்."

சொன்னார். தம்பியின் வண்டி. முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஏறிக்கொண்டு போன வண்டி.

"மொகம் எப்படி..."

"பாக்கற மாரி இல்லம்மா. ஏன் கேக்கற?"

இடது கையில் ஆள்காட்டி விரல் முழுசாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வாய்வரை வந்தது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்ற பயம். "ஒண்ணுமில்ல சார்" என்று ஃபோனை வைத்துவிட்டேன்.

கம்பெனிக்குப் போட்டேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி, நைட் ஷிப்ட் காலையிலேயே போய்விட்டது, ஓ.டி. யார் பார்க்கிறார்கள் என்று உள்ளே போய்த்தான் கேட்க வேண்டும், அப்புறம் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டான். எங்கள் தெருவில் டெலிபோன் பூத் வைத்திருந்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒரு சொல்தா. அவருக்குப் போட்டேன்.

"போலீஸ் வந்துட்டுப் போச்சிம்மா" என்றார். "உன் வூட்டுக்காரன் பேரச் சொல்லி வூடு எதுன்னு கேட்டாங்க. பூட்டியிருக்குன்னு சொன்னேன். இன்னா சமாச்சாரம்?"

ரிசீவரை வைத்தேன். எதிர் மேசையிலிருந்து எழுந்து வந்த சார் என் தாளைப் பார்த்தார். பாதியில் நின்ற பெயர் அவருக்குத் தெரிந்த பெயர். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் பார்த்தது. எதையும் கேட்காமல் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, "வாம்மா" என்றார்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே ஒரு யோசனைதான். வண்டியை மாற்றிக்கொண்டார்களா, இல்லையா? மாற்றியிருந்தால் செத்தவன் தம்பி. மாற்றாமல் விட்டிருந்தால் என் வீட்டுக்காரர். அவரோ உப்பு வாங்கப் போனால் சர்க்கரையோடு வருகிற ஆள். மழைக்காலத்தில் குடையைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு நனைந்துகொண்டு வந்து நிற்பார். விடிய விடிய மெஷினில் நின்றுவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் எந்த வண்டி கிட்டே நிற்கிறதோ அதில் ஏறி வந்திருப்பார். இரண்டும் கறுப்பு. இரண்டும் அவர் பெயர். இருக்கிற எரிச்சலில் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். திட்டினால் உயிரோடு இருப்பார் என்று ஒரு நம்பிக்கை.

சிக்னலில் ஒரு லாரி எங்களுக்குப் பின்னால் வந்து உறுமிக்கொண்டு நின்றது. சார் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அங்கேதான் வீராம்பட்டினத்து அம்மனை வேண்டிக்கொண்டேன். தாயே, அது தம்பியாக இருக்கட்டும். பெயர் சொல்லியே வேண்டினேன், அம்மன் ஆள் மாற்றிவிடக் கூடாதே என்று. கேட்கிறவர்களுக்கு நெஞ்சு பகீர் என்னும். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அப்படித்தான் வேண்டியிருப்பார்கள். நானாக இருந்தால் மாட்டேன் என்று சொல்கிறவர்களுக்கு அப்படி ஒரு சிக்னலில் நிற்க நேர்ந்ததில்லை, அவ்வளவுதான்.

பிணவறை வாசலில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தார். சார் என்னவோ சொன்னார். அவர் எழுந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா அவருக்கு?"

"அந்தப் பேருக்காரரோட சம்சாரம்" என்றேன். என் வாயில் அப்படித்தான் வந்தது.

உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மேலே துணி போட்டு மூடியிருந்தது. தலைப்பக்கம் கை வைக்கப் போனவரைத் தடுத்தேன்.

"மொகம் வேணாம். எடது கைய மட்டும் காட்டுங்க."

துணியை ஓரமாக ஒதுக்கினார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சோப்பில் ஒட்டியிருக்கிற மெஷின் ஆயில். அவர்தான் என்று நினைத்துவிட்டேன். அப்புறம் விரல்களைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனிவரை இருந்தது, நகத்தோடு.

எனக்கு உயிர் வந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். முழுசாக இருந்த அந்த விரலைத் தடவித் தடவிப் பார்த்தேன். பிறகுதான் அது யாருடைய கை என்பது மண்டையில் ஏறியது. மல்லாட்டைப் பையை நீட்டி, "அண்ணி, ஆறிப்போறதுக்கு முன்ன சாப்புடுங்க" என்று சொல்கிற கை. கொஞ்சம் முன்னால் அம்மனிடம் நான் பெயர் சொல்லிக் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க வூட்டுக்காரர்தானேம்மா?" என்றார் கான்ஸ்டபிள்.

"இல்ல."

"பேரு, அட்ரஸ் எல்லாம் அவருதுதானே?"

சார்தான் விளக்கிச் சொன்னார். பெயரும் முகவரியும் இரவல் போன கதை அந்தக் கான்ஸ்டபிளுக்குப் புதிதில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, இறந்தவரின் ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் அங்கே இருக்கிற ஸ்டேஷனுக்குச் சொல்லி, அவர்கள் ஆள் அனுப்பி, தகவல் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிடும் என்றார். அதாவது போலீஸ் தேடிக்கொண்டு வந்தது என் வீட்டை. அவன் பெண்டாட்டி வீட்டுக்கு யாரும் போகவில்லை. அவள் இருக்கிறாள் என்பதே எந்தத் தாளிலும் இல்லை.

"நாங்க போய்ச் சொல்லிட்றோம்" என்றேன்.

சார் என்னைச் சேதராப்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கம்பெனி கேட்டுக்கு வெளியே வண்டி நிறுத்தும் கொட்டகையில் என் வீட்டுக்காரரின் வண்டி நின்றது. நம்பரை இரண்டு முறை படித்தேன். செக்யூரிட்டி உள்ளே போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நீ எங்க இங்க? ஆபீஸ் இல்ல?"

அவரைப் பார்த்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். ஓ.டி. என்றால் ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா என்று கத்தினேன். கத்தி முடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையில் இருந்த துணி கீழே விழுந்தது.

"வண்டிய ராத்திரியே மாத்திக்கிட்டமே" என்றார். பிறகு, "ஓ.டி. அவனுக்குத்தான் வந்துச்சி. வூட்ல மல்லாட்டை ஆயறாங்க, ஆள் பத்தலன்னான். நீ போடா, நான் நிக்கறேன்னு அனுப்பிச்சேன்" என்றார். அதையே இன்னொரு தடவையும் சொன்னார்.

சார் ஸ்கூட்டரைத் திருப்பினார். "நான் ஆபீஸ் போயி அந்தப் பேர அடிச்சிட்றேம்மா" என்றார். பத்தடி தள்ளி என்கிற பேச்சை அதற்குப் பிறகு அவர் வாயில் நான் கேட்கவில்லை.

நானும் வீட்டுக்காரரும் எங்கள் வண்டியில் கிளம்பினோம். மெயின் ரோடு சேர்வதற்கு முன்னால் ஓர் இடத்தில் ரோட்டில் மணல் கொட்டியிருந்தார்கள். ஓரத்தில் கண்ணாடித் தூள். அவர் வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. மெயின் ரோட்டில் எங்கள் வீட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். அவர் இடது பக்கம், அவன் தினமும் திரும்புகிற பக்கம் திரும்பினார். வழியெல்லாம் அவர் முதுகு விட்டு விட்டுக் குலுங்கியது. மெதுவாகப் போங்கள் என்று மட்டும் ஒரு முறை சொன்னேன்.

ஊர் ஓரத்திலேயே அவர்கள் வீடு. வாசலில் பிடுங்கிப் போட்ட செடி அம்பாரமாகக் கிடந்தது. நாலைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டு அவன் பெண்டாட்டி நிமிர்ந்தாள். எங்களைப் பார்த்ததும் மடியில் கிடந்த மண்ணை உதறிக்கொண்டு சிரித்தபடி எழுந்து வந்தாள்.

"வாங்கக்கா, வாங்க மாமா. இப்பத்தான் எங்கூட்டுக்கு வழி தெரிஞ்சிதா? ஒங்களுக்குக் குடுத்தனுப்பத்தான் அடுப்புல வேவுது. நீங்களே வந்துட்டீங்க."

வீட்டுக்காரர் வண்டியை ஸ்டாண்டு போடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் எங்களைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அவரு பின்னால வராராக்கா?"